சைல்டு சீட்டோடு ஷோரூமுக்குப் போங்கள்

கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்கிறார்கள், டிக்கியைத் திறந்து பார்க்கிறார்கள். சன்ரூஃப் இருக்கிறதா என்று கூட வந்த குழந்தையே கேட்டுவிடுகிறது. அந்தக் குழந்தை எங்கே, எதில் உட்காரப்போகிறது என்ற கேள்வி மட்டும் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எழுகிறது. சைல்டு சீட் சரியில்லை என்றால் வேறு வாங்கலாம். பின்சீட்டின் அகலத்தை யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

“மடியில் வைத்துக்கொண்டால் போதாதா?” என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு விநாடியில் நின்றுபோனால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப்போல் சுமார் 14 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 140 கிலோவைத் தாங்கும் கைகள் வேண்டும். எந்த அம்மாவின் கையும் அதைத் தாங்காது. சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

முதல் வேலை வீட்டில், ஒரு தாளில்

யார் எங்கே உட்காருவார்கள் என்று படம் போடுங்கள். இன்றைக்கு ஒன்று, மூன்று வருடம் கழித்து ஒன்று. கணவன், மனைவி, கைக்குழந்தை, ஐந்து வயதுப் பெரியவள், ஊருக்குப் போகும்போது பாட்டி என்று வைத்துக்கொள்வோம். ஐ-சைஸ் வகை சைல்டு சீட் ஒன்று 44 சென்டிமீட்டர் அகலம்வரை இருக்கலாம். பின்சீட் 130 சென்டிமீட்டர் என்றால், இரண்டு சீட் போக நடுவில் 42 சென்டிமீட்டர் மிஞ்சும். அதிலும் தரையில் ஒரு மேடு இருக்கும், பெல்ட் பூட்டுகள் இடுப்பில் குத்தும். மதுரையிலிருந்து சென்னைவரை பாட்டி அதில் வரமாட்டார். வந்தாலும் அடுத்த முறை பஸ்ஸில்தான் வருவார். இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தாலே ஐந்து சீட் வண்டியா, ஏழு சீட் வண்டியா என்பது பாதி முடிவாகிவிடும்.

அடுத்து, எந்த சைல்டு சீட் என்று தீர்மானியுங்கள். கைக்குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். ஆர்129 என்னும் சர்வதேச விதி 15 மாதம்வரை அதைக் கட்டாயமாக்குகிறது; சீட் அனுமதிக்கும்வரை அதற்கு மேலும் நீட்டிப்பது நல்லது. பிறகு முன்பக்கம் பார்க்கும் சீட், அதன் பிறகு பெல்ட் சரியாகப் பொருந்தும்படி குழந்தையை உயர்த்தி வைக்கும் பூஸ்டர். நீளவாக்கில் அதிக இடத்தைத் தின்பது பின்பக்கம் பார்க்கும் சீட்தான். அது பொருந்தும் காரில் மற்றவை பெரும்பாலும் பொருந்திவிடும்.

நட்சத்திரத்தைப் பிரித்துப் படியுங்கள்

கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. அது பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியாக மதிப்பெண் தருகிறது. “ஐந்து நட்சத்திரம்” என்ற விளம்பரத்தைப் பார்த்தால் அது எந்தப் பிரிவில் என்று பாருங்கள். குழந்தைகளுக்கான மொத்தம் 49. அதில் 24, ஒன்றரை வயது, மூன்று வயது பொம்மைகளை வைத்து மோதிப் பார்ப்பதற்கு. 12, சைல்டு சீட்டுகள் சரியாக மாட்ட முடிகிறதா என்பதற்கு. மீதி 13, வண்டியில் உள்ள வசதிகளுக்கு. நமக்கு மொத்தத்தைவிட அந்த 12-ல் எவ்வளவு கிடைத்தது என்பது முக்கியம். சோதனை முடிவு எந்த வேரியன்ட்டுகளுக்குப் பொருந்தும் என்றும் பாருங்கள். நீங்கள் வாங்குவது அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

ஷோரூமில்

சைல்டு சீட்டை நேராக வண்டியோடு பூட்டும் அமைப்புதான் ஐசோஃபிக்ஸ். “ஐசோஃபிக்ஸ் இருக்கு சார்” என்ற பதிலோடு நிற்காதீர்கள். பின்சீட்டின் இருக்கையும் சாய்வும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்பட வேண்டும். பெரும்பாலான கார்களில் இவை இரு ஓர இருக்கைகளில்தான் இருக்கும், நடுவில் இருக்காது. சைல்டு சீட்டின் மேல்பட்டையை மாட்டும் கொக்கியையும் தேடுங்கள். செடான் என்றால் பின்கண்ணாடிக்குக் கீழே, ஹேட்ச்பேக் என்றால் சாய்வின் முதுகில் இருக்கும். சாமான் கட்டும் வளையத்தை அதுவென்று நினைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. வண்டியின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. சைல்டு சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். இன்னும் வாங்கவில்லை என்றால் தெரிந்தவரிடம் இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். வீட்டில் உயரமானவர் முன்சீட்டில் வசதியாக உட்காரட்டும். அதன் பின்னால், பின்பக்கம் பார்த்தபடி சைல்டு சீட்டை மாட்டுங்கள். முன்னால் இருப்பவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தால் அந்தக் கார் உங்களுக்கு ஆகாது. மாட்டிய சீட்டை பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. பெல்ட்டால் கட்டும் சீட் என்றால் பெல்ட்டின் நீளம் போதுமா என்று பாருங்கள், சில கார்களில் பற்றாது. கழற்ற முடியாத ஹெட்ரெஸ்ட், பூஸ்டரை முன்னால் தள்ளிவிடும். தாங்குகால் உள்ள சீட் என்றால், கால் நிற்கும் தரைக்கு அடியில் மூடி போட்ட சாமான் பெட்டி இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். வெற்றிடத்தின் மேல் கால் ஊன்றக் கூடாது.

முன்சீட்டில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருக்கும்போது, பின்பக்கம் பார்க்கும் சீட்டை அங்கே வைக்கவே கூடாது. விரியும் ஏர்பேக் குழந்தையின் தலைக்குப் பின்னால் நேராக அடிக்கும். அதை அணைக்கும் வசதி இருந்தாலும் குழந்தையின் இடம் பின்னால்தான்.

ஏழு சீட் வண்டியின் சிக்கல்

மூன்றாவது வரிசை இருந்தால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பார்கள். அங்கே போவதற்கு நடுவரிசை சீட்டை மடக்க வேண்டும், பல வண்டிகளில் எளிதாக மடங்குவது இடப்பக்கம் இருப்பது. அதே இடப்பக்கம்தான் நம் ஊரில் நடைபாதை ஓரம். ட்ராஃபிக்கில் நிற்காமல் குழந்தையை ஏற்றி இறக்க வசதியான பக்கமும் அதுவே. சைல்டு சீட்டை அங்கே மாட்டிவிட்டால் மூன்றாவது வரிசைக்கு வழி அடைபடும். வலப்பக்கம் மாட்டினால் ரோட்டுப் பக்கம் நின்று குழந்தையைத் தூக்க வேண்டும். நடுவில் வழிவிட்ட கேப்டன் சீட் வகை இந்தச் சங்கடத்தைத் தீர்க்கும், ஆனால் ஒரு இருக்கை குறையும். இரண்டு சைல்டு சீட் போடும் வீட்டுக்கு நான் கேப்டன் சீட்டைத்தான் சொல்வேன். ஒரே குழந்தை என்றால் பெஞ்ச் சீட் போதும். பின்னால் ஏறி உட்காரப்போவது யார் என்பதையும் யோசியுங்கள்: முழங்கால் வலி உள்ள பாட்டியை மூன்றாவது வரிசைக்கு அனுப்புவதைவிட முன்சீட்டைக் கொடுப்பது மேல். மூன்றாவது வரிசையில் ஐசோஃபிக்ஸ் பெரும்பாலும் இருக்காது. அங்கே பூஸ்டர் போடலாமா என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் ஐசோஃபிக்ஸ் இல்லை என்று மனம் உடைய வேண்டாம். மூன்று முனை பெல்ட்டால் சரியாகக் கட்டிய சைல்டு சீட்டும் காப்பாற்றும். இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட் உள்ள நடு இருக்கையில் பூஸ்டர் போடாதீர்கள். சிஎன்ஜி வண்டி என்றால் சிலிண்டர் போக டிக்கியில் குழந்தையின் தள்ளுவண்டி நுழைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு ஒரு ஆபத்து காத்திருக்கிறது: ஆக்சஸரீஸ் கடை. தடிமனான ரெக்ஸின் சீட் கவர் ஐசோஃபிக்ஸ் வளையங்களை மூடிவிடும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள முன்சீட்டில் அது விரியும் வழியையே தைத்து அடைத்துவிடும். மெத்தைபோன்ற தரைவிரிப்பின் மேல் தாங்குகால் உறுதியாக நிற்காது. கவர் போட்டே ஆக வேண்டும் என்றால் ஐசோஃபிக்ஸ் வளையங்களும் ஏர்பேக் விரியும் வழியும் திறந்திருக்கும்படி தைத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

சீட்டை மாட்டிப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். அதற்குச் சம்மதிக்காத ஷோரூமில் முன்பணம் கட்டாதீர்கள்.