நான்கு சுவருக்குள் ஒரு புகைப்பட வகுப்பு

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில், நெடுநாள் நோயுற்ற பெரியோர் தங்கியிருக்கும் இல்லமொன்றில் ஞாயிறுதோறும் புகைப்படக்கலை கற்பிக்கச் சென்றேன். முதல் நாள், நான் எடுத்த மலை, அருவி, தேர்த்திருவிழாப் படங்களைப் பரப்பிக் காட்டினேன். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் அம்மையார் ஒருவர், "நாங்க போக முடியாத இடமாப் பார்த்துப் பார்த்து எடுத்துட்டு வந்திருக்கியே தம்பி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கோ தலை நிமிரவில்லை.

மறுவாரம் ஜோசப் சுடெக்கைப் பற்றிப் பேசினேன். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர் அவர். பிராக் நகரில் தம் கலைக்கூடத்துச் சன்னலையே 1940 முதல் 1954 வரை படமெடுத்தார். நீராவி படிந்த கண்ணாடி, ஒரு குவளைத் தண்ணீர், வெளியே வளைந்து நின்ற மரம். அவருக்கு அவை போதுமாயிருந்தன.

பிறகு அறையையே காமிராவாக்கினோம். சன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்து, சட்டைப் பொத்தான் அளவு துளை ஒன்று மட்டும் விட்டோம். ஒளி நேர்க்கோட்டில் செல்வதால் மேலிருந்து வரும் கதிர் கீழேயும், கீழிருந்து வருவது மேலேயும் விழும். எதிர்ச் சுவரில் தென்னை தலைகீழாகத் தொங்கியது. கூரையோரமாக ஒரு பேருந்து ஊர்ந்தது. நடக்க இயலாதவர்களிடம் தெருவே நடந்து வந்தது எனலாம்.

சன்னலொளி பக்கவாட்டில் விழுந்தால் தம்ளரின் உருட்சி தெரியும், நிழற்பக்கம் வெள்ளை அட்டை பிடித்தால் கருமை தணியும் என்பனவெல்லாம் எளிதில் முடிந்த பாடங்கள். தடங்கல், பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும் தையற்காரர் ஒருவரிடம் வந்தது. கைப்பேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து, 10 விநாடி தாமதப் பொத்தானைப் பயன்படுத்தச் சொன்னேன். "அப்ப அது புத்தகம் எடுத்த படம்ல?" என்று மறுத்துவிட்டார்.

ஆகவே விளக்கணைத்து, சிறிய எல்.இ.டி. இரவு விளக்கை மட்டும் ஏற்றி, திரை அரை விநாடி திறந்திருக்குமாறு வைத்துக் கையில் கொடுத்தேன். திரை திறந்திருக்கையில் கை அசைந்தால் ஒளிப்புள்ளி கோடாக நீளும். இது நான் அறிந்ததே. ஆனால் வந்த கோடு விட்டு விட்டு இருந்தது! நமது மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி; அதனால் இத்தகைய மலிவு விளக்குகள் 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. அசையாத கையில் இது அகப்பட்டிராது. இயற்பியல் மாணவனான எனக்கு இதைக் காட்டியது அவருடைய நடுக்கமே.

அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "ஓட்டுத் தையல். கோணலாத்தான் போயிருக்கு" என்றவர், சற்றுப் பொறுத்து, "அடுத்த வாரம் சிவப்பு பல்பு ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார்.