பாரிசவாதமும் இதயத்தின் வலுவும்



பாரிசவாதம் என்னும் சொல்லைக் கேளாத தமிழ் இல்லம் ஈஸ்ட் ஹாமில் அரிது. தெற்காசியராகிய எம்மவரை இந்நோய் இந்நாட்டு வெள்ளையினத்தவரைக் காட்டிலும் இளைய வயதிலேயே தாக்குகின்றது. நோயுற்றவரின் கைகால் வழங்குகின்றனவா, பேச்சுத் திரும்பிற்றா என வினவும் நாம், அவரது இதயத்தின் வலுவைப் பற்றி வினவுவதில்லை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூளை உடல் நிறையில் ஏறக்குறைய 2 வீதமே. ஆயினும் ஓய்வின்போது உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறக்குறைய 20 வீதத்தை அதுவே பெறுகின்றது. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அப்பகுதிக் கலங்கள் இறக்கின்றன. இதுவே பாரிசவாதம். 2010 ஆம் ஆண்டில் இலண்டனின் 8 வைத்தியசாலைகளில் இதற்கெனத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. வைற்சப்பலிலுள்ள றோயல் லண்டன் வைத்தியசாலை அவற்றுள் ஒன்று. அவ்வாறு உயிர் காக்கப்பட்டு வீடு திரும்பியவருக்கு அடுத்து நேர்வதே எமது பாடம்.

எமது மூத்த தமையனார் நோயுற்ற காலத்தில் நாம் ஒரு தவறிழைத்தோம். "அண்ணர் எழும்பக் கூடாது" என்று சோறும் தேநீரும் கதிரைக்கே கொண்டு சென்று கொடுத்தோம். மூன்று மாதத்திற் காலின் வலு ஓரளவு மீண்டது. எனினும் தெருமுனையை அடையுமுன்னரே அவருக்கு மூச்சு வாங்கியது. கால் இன்னும் தேறவில்லை என்றே எண்ணினோம். வீட்டுக்கு வந்த இயன்மருத்துவரோ, "களைத்தது கால் மட்டுமன்று, இதயமும் தசைகளுந்தான். அன்பினால் அவரை இருத்தியே வைத்துவிட்டீர்கள்" என்றார். ஊரிற் பல்லாண்டு கற்பித்த நாம் அன்று மாணவரானோம்.

இதன் காரணம் எளிது. படுக்கையிலும் கதிரையிலும் கழியும் நாட்களில், ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவு குறைகின்றது, தசைகள் மெலிகின்றன. பாரிசவாதமுற்றோரின் உடலுழைப்புத் திறன் ஒத்த வயதினரின் திறனில் ஏறக்குறைய அரைப்பங்காக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. அதேவேளை, ஒருபக்கம் தளர்ந்த காலை இழுத்து நடப்பதற்கு வழமையிலும் கூடிய சக்தி வேண்டும். சிலருக்கு அது இருமடங்கு வரை செல்லும். வருவாய் பாதியாகிச் செலவு இரட்டித்த குடும்பம் எவ்வாறு தத்தளிக்குமோ, அவ்வாறே அவ்வுடலும் தத்தளிக்கின்றது.

இவ்வருவாயைப் பெருக்கலாம். 2020 ஆம் ஆண்டில் வெளியான கொக்ரேன் மீளாய்வு, 75 ஆய்வுகளிற் பங்குகொண்ட 3,017 பேரின் முடிவுகளைத் திரட்டியது. இதயத்துக்கும் சுவாசத்துக்குமான பயிற்சி, உழைப்புத் திறனையும் நடையையும் மேம்படுத்துவதை அது காட்டிற்று. எனினும் அவசரம் ஆகாது. நோய் கண்ட 24 மணித்தியாலத்துள் தொடங்கி மிகுதியாக நடமாடச் செய்வது நன்மை தராது என்பதை 2015 இல் வெளியான அவேர்ட் ஆய்வு உணர்த்திற்று.

வீட்டிற் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. வைத்தியரையும் இயன்மருத்துவரையும் கேட்ட பின்னரே தொடங்குதல் வேண்டும்.

2. அமெரிக்க இதயச் சங்கம் 2014 இல் பரிந்துரைத்த இலக்கு, கிழமையில் 3 முதல் 5 நாட்கள், நாளொன்றுக்கு 20 முதல் 60 நிமிடங்கள் என்பதாகும். சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துச் செய்து, படிப்படியாக அதனை எட்டலாம்.

3. நடக்கும்போது பேச இயல வேண்டும். பாட இயலாதிருக்க வேண்டும். அதுவே ஏற்ற வேகம். பேச்சிழந்தவராயின், "சற்றுக் கடினம்" எனச் சைகையாற் காட்டும் அளவு போதும். சில மருந்துகள் நாடித்துடிப்பைக் குறைத்து வைப்பதால், நாடியை மட்டும் எண்ணி அளவிடுதல் பிழைக்கும்.

4. நெஞ்சுவலியோ தலைச்சுற்றோ தோன்றின் உடனே நிறுத்துக. நெஞ்சுவலி தணியாவிடினும், முகம் கோணினாலும், கை சோர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் 999 ஐ அழைத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, இதில் உங்களுக்கும் பங்குண்டு. எமது தமையனார் முதல்நாள் இரண்டு விளக்குக்கம்பங்களைக் கடந்தார். அவற்றைத் தமிழில் எண்ணியவள் அவருடைய பேர்த்தி. கிழமைக்கு ஒரு கம்பம் கூட்டினார்கள். இன்று அவர் கைத்தடியுடன் சென்றல் பார்க்கை ஒருமுறை சுற்றி வருகின்றார். பேர்த்தியும் நூறு வரை பிழையின்றி எண்ணுகின்றாள். உங்கள் வீட்டிலும் பாட்டனாரோ பாட்டியாரோ கதிரையில் இருப்பாராயின், வைத்தியரின் இசைவு பெற்று, தேநீரைக் கொண்டு சென்று கொடுப்பதற்கு முன், "வாருங்கள், குசினி வரை நடப்போம்" என்று கை கொடுங்கள்.