கள்சூபாய் சிகரம்: குழந்தைகளோடு ஒரு மலைப் பாடம்

மும்பையில் வளரும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு மலை என்றால் பழனியும் திருப்பரங்குன்றமும்தான் நினைவுக்கு வரும். விடுமுறையில் தாத்தா பாட்டியோடு ஏறிய படிக்கட்டு மலைகள் அவை. ஆனால் அவர்கள் வாழும் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் நம் வீட்டிலிருந்து அரை நாள் பயணத்தில் இருக்கிறது என்பதை ஞாயிறு தமிழ் வகுப்பில் நான் சொன்னபோது பெரியவர்களே வியந்தார்கள். சில ஆண்டுகளாகக் குளிர்காலத்தில் சில குடும்பங்களோடு அங்கே சென்று வருகிறேன். அதில் கற்றதைப் பாடமாகவே இங்கே எழுதுகிறேன்.

மலையும் அதன் கதையும்

சஹ்யாத்திரி என்று மராத்தியில் சொல்லப்படும் மேற்குத் தொடர்ச்சி மலையில், அகோலே வட்டத்தில் உள்ளது கள்சூபாய். உயரம் 1646 மீட்டர். அடிவாரக் கிராமம் பாரி. கசாரா வரை லோக்கல் ரயிலில் போய், அங்கிருந்து ஜீப் பிடித்துப் போகலாம்.

உச்சியில் கள்சூபாய் அம்மனுக்குச் சிறு கோயில் இருக்கிறது. கள்சூ என்ற கோலி இனப் பெண் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாளாம். பாத்திரம் தேய்க்கவும் வீடு பெருக்கவும் மாட்டேன் என்பது அவள் போட்ட நிபந்தனை. ஒரு நாள் பாத்திரம் தேய்க்கச் சொன்னதும் கோபித்துக்கொண்டு மலையேறிப் போனவள் திரும்பவே இல்லை என்பது அவ்வூர்க் கதை. நவராத்திரியில் இங்கே திருவிழா நடக்கிறது.

பாரியில் பல வீடுகளில் பிட்லாவும் பாக்ரியும் சமைத்துத் தருவார்கள். பேச்சு வார்த்தையைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். நம்மைவிட அவர்களுக்கு மராத்தி நன்றாக வரும். அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமிதமும் உண்டு.

கல் சொல்லும் பாடம்

சுற்றியுள்ள மலைகளைப் பார்க்கும்போது தட்டுத் தட்டாக அடுக்கி வைத்ததுபோல் கிடைக்கோடுகள் தெரியும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் பிளவுகளிலிருந்து வழிந்தோடிய எரிமலைக் குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாகப் பரவி உறைந்த அடுக்குகள் அவை. இந்தக் கருங்கல்லுக்குப் பசால்ட் என்று பெயர்.

இதே மலைத்தொடர் சுமார் 1600 கிலோமீட்டர் தெற்கே நீண்டு கன்னியாகுமரி அருகே முடிகிறது. தாத்தா ஊருக்குப் போகையில் காணும் மலையும் இதே தொடர்தான். ஆனால் தெற்கே உள்ள பாறைகள் எரிமலை அடுக்குகள் அல்ல. அவற்றைவிடப் பல மடங்கு பழைமையானவை. 2012இல் யுனெஸ்கோ இத்தொடரின் பல பகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கணக்குப் பாடம்

ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்காட்லாந்துக்காரரான நைஸ்மித் 1892இல் ஓர் எளிய விதி சொன்னார். சமதள நடைக்கு 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்; அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம்.

பாரியிலிருந்து உச்சிக்குப் பாதை சுமார் 6 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 900 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு 72 நிமிடம், ஏற்றத்துக்கு 90 நிமிடம், ஆக 162 நிமிடம். இது பெரியவர்களுக்கான கணக்கு. குழந்தைகள் வந்தால் நான் அதில் பாதியைக் கூட்டிக்கொள்வேன். 4 மணி நேரம் ஆகிவிடும். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் 10 மணிக்கு உச்சி.

திரும்பும் நேரம்

புறப்படுமுன்பே எல்லோரும் கேட்க ஒரு நேரம் குறிக்க வேண்டும். எங்களுக்கு அது 11 மணி. எங்கே நின்றாலும் சரி, அந்த நேரத்துக்குத் திரும்பிவிடுவோம். வெயில் ஏறுவதும், தண்ணீர் குறைவதும், களைத்த கால் இறக்கத்தில் சறுக்குவதும் அதற்குப் பிறகுதான்.

நேரம் மட்டும் போதாது. குழந்தையின் மனத்தையும் பார்க்க வேண்டும். செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகள் உள்ளன. சென்ற குளிர்காலத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஏணியின் நாலாம் படியில் நின்றுவிட்டாள். "மாமா, என்னால முடியல, கால் நடுங்குது" என்றாள். "இவ்வளவு தூரம் வந்துட்டு விடலாமா? எல்லாப் பிள்ளைகளும் போறாங்க பார்" என்றார் அவள் அப்பா. நான் அவரைத் தனியே அழைத்து, "ஏறிவிடுவாள் சார், ஆனால் இறங்கணுமே. ஏணியில் இறங்குவதுதான் கஷ்டம்" என்றேன். சிறிது யோசித்துவிட்டு மகளோடு கீழே உள்ள சமதளத்துக்கு அவரே இறங்கிப் போனார்.

நாங்கள் உச்சி பார்த்துவிட்டு வந்தபோது அவள் நோட்டில் எதிர் மலையை வரைந்து, அடுக்குகளை எண்ணிக் குறித்திருந்தாள். மற்றக் குழந்தைகளில் ஒருவரும் அதைச் செய்யவில்லை. இந்த ஆண்டு எப்போது போகிறோம் என்று முதலில் கேட்டவளும் அவள்தான். அன்று வலிந்து ஏற்றியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது என்றே நினைக்கிறேன். பள்ளியில் மதிப்பெண், பாட்டு வகுப்பில் பரிசு என்று எல்லாவற்றிலும் முந்தச் சொல்கிறோம். சிகரத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

மூட்டையில் என்ன?

ஆளுக்கு 2 லிட்டராவது தண்ணீர், எலுமிச்சை சாதம், கடலை மிட்டாய், தொப்பி, விசில். குழந்தையின் முதுகில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை வேண்டாம். களைப்பும் தலைசுற்றலும் வந்தால் நிழலில் உட்காரவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறுகச் சிறுகக் கொடுங்கள். மழைக்காலத்தில் பாறை வழுக்கும், மேகம் பாதையை மறைக்கும். சிறுவர்களோடு போக நவம்பர் முதல் பிப்ரவரி வரையே ஏற்ற காலம். கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாம் நம்மோடு திரும்பி வரவேண்டும். அது வனவிலங்குச் சரணாலயப் பகுதி.

குழந்தைகளுக்கு வீட்டுப் பாடம்

1. 1000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். பாரியில் 24 டிகிரி என்றால், 900 மீட்டர் மேலே உச்சியில் எவ்வளவு இருக்கும்?

2. உச்சியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, ஏறத்தாழ 95 டிகிரியில் கொதித்துவிடும். அங்கே அரிசி வேக ஏன் கூடுதல் நேரம் ஆகிறது?

3. இந்தியாவை அளந்த பெரும் முக்கோண அளவைப் பணி 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கியது. ஏறாமலே ஒரு மலையின் உயரத்தை எப்படி அளக்கலாம்?

விடைகளை அடுத்த ஞாயிறு வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். பெற்றோர் உதவலாம், ஆனால் எழுதுவது குழந்தைகளாக இருக்கட்டும், தமிழிலேயே.