வீழ்ந்த மரம் இன்னதென அறிதல்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியத்தருகே கரை கடந்த கஜா புயலில் தென்னை, மா, பலா, தேக்கு முதலிய மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. சாய்ந்த மரம் இன்னதென அறியாது விற்போர், தேக்கையும் விறகு விலைக்கே இழக்க நேரிடும். ஆதலின் அங்கத்தினர்கள் பின்வரும் முறையைக் கைக்கொள்ளுதல் நலம்.

முதலாவது, கிளைகளைக் கழிக்குமுன் இலை, பட்டை, காய் ஆகியவற்றைச் சேகரித்து வைக்க வேண்டும். தேக்கின் இளந்தளிரைக் கசக்கினால் விரல் சிவக்கும்.

இரண்டாவது, வெளிப்புறத்து வெளிறை விடுத்து, வைரத்தைக் கொண்டே ஆராய்தல் வேண்டும். குறுக்குவெட்டு முகத்தைக் கூரிய கத்தியால் மழித்து, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் நோக்குக. தேக்கில் பெருந்துளைகள் வளையந்தோறும் வரிசையாக அமைந்திருக்கும். மாவில் அவை எங்கும் பரவியிருக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசையும், பழந்தோலை ஒத்த மணமும் உண்டு.

மூன்றாவது, வேங்கையின் வைரச் சீவல்களை நீரில் ஊறவைத்தால், வெளிச்சத்தில் அந்நீர் நீலச்சாயல் காட்டும்.

நிறத்தை மட்டும் நம்பலாகாது. வெயிலிலும் காற்றிலும் அது மாறிவிடும். ஐயம் நீங்காவிடில், பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்திற்கு வைரத்துண்டு ஒன்றை அனுப்பித் தெளிவு பெறலாம். அதுவரை விலை பேசாதிருத்தலே விவேகமாகும்.