செலரி முளைக்கவில்லையே!

சிவப்புத் தண்டு செலரி விதைத்து இரண்டு வாரமாகிறது. ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பழுதா? – வாசகி, குன்னூர்

கவலை வேண்டாம், செலரி முளைக்க 3 வாரம்கூட ஆகும். ஆனால் விதையை ஆழமாகப் புதைத்திருந்தால் சிக்கல்தான். இந்தப் பொடி விதைக்கு வெளிச்சம் பட வேண்டும். ஆழமாகப் புதைத்திருந்தால் மீண்டும் விதையை ஈரமண் மேல் தூவி, லேசாக அழுத்தி விடுங்கள், போதும்.

நாற்று ஐந்தாறு இலை விட்டதும் மட்கிய தொழுவுரம் நிறையப் போட்ட பாத்தியில் ஓரடி இடைவெளியில் நடுங்கள். பிறகு தண்ணீர்தான் எல்லாம். செலரியின் பூர்வீகம் சதுப்பு நிலம்; மண் காய்ந்தால் தண்டு நாரோடிக் கசக்கும். மண் அணைத்துத் தண்டை வெளுக்க வைக்காதீர்கள், அந்தச் சிவப்பல்லவா இதன் அழகு! உங்கள் ஊர்க் குளிர் இதற்கு வரம்.

வெளித்தண்டுகளை மட்டும் ஒடித்து வந்தால் நடுக்குருத்து தழைத்துக்கொண்டே இருக்கும். மணம் சற்றுத் தூக்கல் என்பதால் சூப்புக்கு இரண்டு தண்டு போதும்.