மீட்டரிடம் கேளுங்கள்

செலவைக் குறைத்தே ஆகவேண்டிய காலம் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு தடவையாவது வரும். அப்போது எதைக் குறைப்பது என்பதில்தான் நம்மில் பலர் தவறிவிடுகிறோம். கண்ணுக்குத் தெரிவதைக் குறைக்கிறோம். பணத்தைத் தின்பதோ கண்ணில் படாத மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரக் கட்டணத்தை வைத்தே இதைச் சொல்கிறேன். ரயில்வே மின்பிரிவில் 34 ஆண்டுகள் குப்பை கொட்டியவனுக்கு வேறென்ன தெரியும்!

2024 ஜூலையில் இங்கே நாகபுரியில் நமது சங்கத்து இளைஞர் ஒருவர் பில்லோடு என்னைத் தேடி வந்தார். அவருக்குச் சம்பளம் பாதியாகியிருந்தது. பில்லில் 236 யூனிட். "எவ்வளவோ குறைச்சுப் பார்த்துட்டோம் மாமா, இறங்கவே மாட்டேங்குது" என்றார். அன்றிரவு அவர் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் அவருடைய பாட்டி மடித்த செய்தித்தாளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அறை மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். இல்லை, அவரே நிறுத்தச் சொல்லிவிட்டாராம். "எனக்குக் காத்து எதுக்குத் தம்பி, பழகிப்போச்சு" என்றார்.

இப்போது கணக்குக்கு வருவோம். 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய கூரை மின்விசிறி சுமார் 75 வாட். இரவு 8 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட், மாதத்துக்கு 18 யூனிட். பாட்டி விட்டுக்கொடுத்தது இவ்வளவுதான். அந்த வீட்டு கீசர் 2000 வாட், 25 லிட்டர். அதன் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். காலை 5 மணிக்குப் போட்டு 9 மணிவரை விட்டுவைத்ததில் தினம் இரண்டு தொட்டிக்குக் குறையாமல் சூடாகிக்கொண்டிருந்தது. மாதத்துக்கு 60 யூனிட்!

இதையும் சேர்த்துக் கூட்டினாலும் 236 வரவில்லை. எனவே மீட்டரிடமே கேட்டேன். மின்னணு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அந்த வீட்டு மீட்டரில் 3200. அப்படியானால் 1125-ஐ இரண்டு சிமிட்டலுக்கு இடையிலான விநாடிகளால் வகுத்தால் அப்போது ஓடும் வாட் கிடைக்கும். (1600 என்றிருந்தால் 2250-ஐ வகுக்கவும்.) ஃபிரிட்ஜ், டி.வி. உட்பட எல்லாச் சுவிட்சுகளையும் அணைக்கச் சொன்னோம். வீடே இருட்டு. விளக்கு மட்டும் 15 விநாடிக்கு ஒரு தரம் சிமிட்டிக்கொண்டே இருந்தது. வகுத்தால் 75 வாட்!

தேடியதில் அலமாரிக்குப் பின்னால் பழைய இன்வர்ட்டர் கிடைத்தது. மின்வெட்டு அதிகமாக இருந்த நாளில் வாங்கியது. பாட்டரி செத்துப்போய், ஏற்றும் மின்சாரத்தைப் பிடித்து வைக்க முடியாமல் இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருந்தது. 75 வாட், 24 மணி நேரம், 30 நாள்: 54 யூனிட். பாட்டியின் விசிறியை நிறுத்திவிட்டு, யாருக்கும் காற்று தராத இன்னொரு விசிறியை நாள் முழுக்க ஓட்டியதற்குச் சமம்.

கட்டணம் படிப்படியாக ஏறுவதை மறக்கக்கூடாது. மகாராஷ்டிரத்தில் 100, 300, 500 யூனிட் என்று படிகள். நாம் குறைக்கும் யூனிட் எப்போதும் நம் பில்லின் மேல்படியிலிருந்தே, அதாவது விலை கூடிய பக்கத்திலிருந்தே கழியும். ஆகவே 300-ஐச் சற்றே தாண்டுகிறவர்களுக்கு 20 யூனிட் குறைந்தாலும் பயன் தெரியும்.

மெயின் சுவிட்சையே அணைத்த பிறகும் விளக்கு சிமிட்டினால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே ஏதோ கோளாறு. அங்கே நாமே கை வைக்கக் கூடாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

புதிதாக வாங்கிச் சேமிக்கும் யோசனைகளும் உண்டு. பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட் அளவில் ஓடுவது உண்மைதான். ஆனால் கையில் காசில்லாதவனிடம் புது விசிறி வாங்கு என்பது எனக்குப் பிடிக்காத அறிவுரை. இன்னும் 60 வாட் குண்டு பல்பு எரிகிற வீட்டில் மட்டும் 9 வாட் எல்.இ.டி. உடனே வாங்கலாம், போட்ட காசு சீக்கிரம் திரும்பிவிடும். சமையல் வாயுவிலும் இதே கதைதான். கொதித்த தண்ணீர் அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி வைப்பதே முறை. இதை என் துணைவியார் எனக்கு முன்பே அறிந்திருந்தார்!

அந்த வீட்டில் இன்வர்ட்டரைக் கழற்றி, பாட்டரியைக் கடையில் பழைய விலைக்குப் போட்டார்கள். ஆண்கள் இருவரும் பச்சைத்தண்ணீருக்கு மாறினார்கள். கீசர் தினம் ஒரு தொட்டி, சூடானதும் நிறுத்தம். அடுத்த பில் 168 யூனிட், பாட்டியின் விசிறி மறுபடி ஓடியது உட்பட.

மீட்டர் கணக்கில் சந்தேகம் உள்ள அன்பர்கள், ஞாயிறு மாலை சங்க நூலகத்துக்குப் பழைய பில்கள் மூன்றோடு வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம்.