எது ரகசியம்? யாரிடம் ரகசியம்?

மாலை நேரம். துவாரகாவில் ஒரு வீட்டு மாடியில் நமது படிப்பு வட்டம் கூடியது. அடுக்குமாடி வீடுகளில் வேலை முடித்துவிட்டுப் பத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் சேலம், விழுப்புரம் பக்கத்திலிருந்து டில்லிக்கு வந்தவர்கள்.

அன்று ஒரு அக்கா பழைய பத்திரிகை ஒன்றை எழுத்துக் கூட்டிப் படித்தார். "ரா...ணு...வ ர...க...சி...யம்." படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சர், என் தம்பி மிலிட்டரியில் இருக்கிறான். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் சொல்லமாட்டான். 'ரகசியம் அக்கா' என்பான். அது சரிதான். எதிரிக்குத் தெரிந்தால் அவன் உயிருக்கு ஆபத்து. ஆனால் மேலே இருப்பவர்கள் செய்த தவறால் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதையும் ரகசியம் என்று மூடிவிடுவார்களா?"

யாரும் பேசவில்லை. எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. படித்துவிட்டு அடுத்த வாரம் சொன்னேன். அதுதான் இந்தப் பாடம்.

இரண்டு போர்கள், இரண்டு அறிக்கைகள்

1962 அக்டோபரில் சீனப் படை நம் எல்லைக்குள் நுழைந்தது. போர் நடந்துகொண்டிருந்த போதே, நவம்பர் 8ஆம் தேதி நாடாளுமன்றம் கூடியது. ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. உறுப்பினர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். அரசைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள்.

அந்தப் போரில் நமக்குத் தோல்வி. ஏன் தோற்றோம் என்று ஆராய இரண்டு ராணுவ அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். ஒருவர் ஹெண்டர்சன் புரூக்ஸ். மற்றவர் பகத். 1963இல் அறிக்கை தந்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் சுருக்கமாகச் சொன்னார். அறிக்கையைக் காட்டவில்லை. 2014இல் ஒரு பகுதி வெளியே கசிந்தது. ஆனால் அரசு அதை இன்றுவரை வெளியிடவில்லை. அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

1999இல் கார்கில் போர் நடந்தது. எதிரிகள் மலை மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை முதலில் பார்த்துச் சொன்னவர்கள் ஆடு மேய்ப்பவர்கள்! போரில் நம் வீரர்கள் ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

போர் முடிந்ததும் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் கே. சுப்பிரமணியம். திருச்சியில் பிறந்தவர். அவர் குழு சில மாதங்களில் அறிக்கை தந்தது. 2000 பிப்ரவரியில் அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பாதுகாப்புக்காகச் சில பகுதிகளை மட்டும் நீக்கியிருந்தார்கள். உளவுத் துறையில் இருந்த குறைகளை அது எடுத்துச் சொன்னது. அதன் பிறகு சில மாற்றங்கள் வந்தன. 2002இல் முப்படைகளுக்கும் பொதுவான உளவு அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது.

பார்த்தீர்களா? ஓர் அறிக்கை பூட்டிய பெட்டியில் இருக்கிறது. இன்னோர் அறிக்கை வெளியே வந்தது. அதனால் நாடு கெட்டுப் போகவில்லை. தவறு தெரிந்தால்தான் திருத்த முடியும்.

சாவியும் கணக்கும்

அப்போது ஒரு பெரியம்மா சொன்னார்: "நம் குழுப் பணப்பெட்டி மாதிரி, கண்ணு. சாவி எங்கே இருக்கிறது என்று தெருவுக்கெல்லாம் சொல்லக் கூடாது. ஆனால் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று குழுவுக்குச் சொல்லத்தான் வேண்டும்."

இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சாவி ரகசியம். கணக்கு ரகசியம் அல்ல.

யார் கணக்குக் கேட்பது?

நாட்டின் பெட்டி நம் வரிப் பணம். கடையில் சோப்பு வாங்கினாலும் நாம் வரி கட்டுகிறோம். அந்தக் கணக்கைக் கேட்க நாம் அனுப்பியவர்கள்தான் நாடாளுமன்ற உறுப்பினர்கள்.

ராணுவச் செலவையும் திட்டங்களையும் பார்க்க, பாதுகாப்புக்கான நிலைக்குழு 1993இல் வந்தது. அதில் 31 பேர் வரை இருக்கலாம். 21 பேர் மக்களவை, 10 பேர் மாநிலங்களவை. தலைமைத் தணிக்கையாளர் என்ற உயர் அதிகாரி அரசின் கணக்கைச் சோதிக்கிறார். அவர் அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரே இந்தக் குழுவுக்குத் தலைவராக இருப்பது வழக்கம். பணம் செலவு செய்பவரே கணக்குப் பார்க்கக் கூடாது அல்லவா?

ஆனால் ஒரு குறை உண்டு. ஐ.பி., ரா என்று இரண்டு உளவு அமைப்புகள் இருக்கின்றன. ஐ.பி. உள்நாட்டைக் கவனிக்கிறது. ரா வெளிநாட்டைக் கவனிக்கிறது. இவற்றைக் கண்காணிக்க நாடாளுமன்றத்தில் தனிக்குழு கிடையாது. அமெரிக்காவில் 1976இலும் பிரிட்டனில் 1994இலும் இத்தகைய குழுக்கள் வந்தன. அந்தக் குழுவினர் ரகசியத்தைக் காப்பதாக ஒப்புக்கொண்டு, மூடிய அறையில் கேள்வி கேட்கிறார்கள். இங்கே 2011இல் உறுப்பினர் மனீஷ் திவாரி இதற்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

நாமும் கேட்கலாமா?

கேட்கலாம். வெள்ளைக்காரன் காலத்தில், 1923இல், அரசு ரகசியச் சட்டம் வந்தது. அது இன்னும் இருக்கிறது. ஆனால் 2005இல் தகவல் உரிமைச் சட்டமும் வந்தது. மத்திய அரசு அலுவலகத்தில் 10 ரூபாய் கட்டி மனு எழுதித் தகவல் கேட்கலாம். நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு செய்யும் தகவலைத் தரமாட்டார்கள். உளவு அமைப்புகளுக்கும் விலக்கு உண்டு. ஆனால் ஊழல் பற்றியோ மனித உரிமை மீறல் பற்றியோ கேட்டால், அந்த விலக்கைக் காட்டி மறுக்க முடியாது.

துவாரகாவிலிருந்து மெட்ரோவில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் நாடாளுமன்றம் இருக்கும் பகுதிக்குப் போய்விடலாம். தூரம் அதிகம் இல்லை. நாம் கேள்வி கேட்கப் பழகாததால்தான் அது தூரமாகத் தெரிகிறது.

அன்று இரவு அந்த அக்கா தன் கையாலேயே தம்பிக்குக் கடிதம் எழுதினார்:

"தம்பி, நீ எங்கே இருக்கிறாய் என்று இனிமேல் கேட்கமாட்டேன். உன்னை அங்கே அனுப்பியவர்கள் சரியாகச் செய்கிறார்களா என்று கேட்பேன். அதை ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் கேட்பேன்."

புதிய சொற்கள்

அறிக்கை – ஆராய்ந்து எழுதித் தருவது
தணிக்கை – கணக்கைச் சோதிப்பது
உளவு – மறைவாகச் செய்தி சேகரிப்பது
மசோதா – சட்டம் ஆவதற்கு முன் உள்ள வரைவு

பேசுவோம்

1. ராணுவத்தில் எவையெல்லாம் ரகசியமாக இருக்க வேண்டும்? எவை இருக்கக் கூடாது?
2. கார்கில் அறிக்கை வெளிவந்ததால் என்ன நன்மை?
3. உங்கள் குழுவில் கணக்குக் கேட்டால் யாராவது கோபப்படுகிறார்களா? ஏன்?

எழுதுவோம்

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரைக் கேட்டு அறிந்து எழுதுங்கள். அவரிடம் கேட்க விரும்பும் ஒரு கேள்வியையும் எழுதுங்கள்.